பெயர் சொல்லித் தேடுங்கள்

(இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நவம்பர் நம் இறந்தோரின் மாதம். 2-ஆம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போய், புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, அவரவர் பெயரைச் சொல்லிச் செபித்துவிட்டு வந்திருக்கிறோம். நம்மை விட்டுப் போனவர்களுக்கு நாம் செய்யக்கூடியவற்றில் இது சிறிய காரியம் இல்லை. பெயர் சொல்லி அழைப்பதற்கு ஒருவர் இருக்கும்வரை அந்த மனிதர் மறக்கப்படவில்லை.

ஆனால் பெயர் எழுதப்படாமலே மண்ணுக்குள் போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இன்று உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று அடிக்கடி வரும். ஏரிக்கரையில், அல்லது ரயில் பாதை ஓரத்தில், அல்லது பாழுங்கிணற்றில், அடையாளம் தெரியாத சடலம். வயது சுமார் 40. நீல நிறச் சட்டை. வலது கையில் பச்சை குத்திய தழும்பு. கொலையா என்று போலீசார் விசாரணை. படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த நான்கு வரிக்குரிய மனிதருக்காக எங்கோ ஒரு வீட்டில் இரவுச் சோறு மூடி வைக்கப்பட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

திருவிவிலியத்தில் சொல்லப்படும் முதல் மரணமே ஒரு கொலைதான். தொடக்க நூல் 4-ஆம் அதிகாரம். வயல்வெளிக்கு அழைத்துப் போய் ஆபேலைக் கொன்றுவிட்டான் காயின். கடவுள் அவனிடம் முதலில் கேட்டது, ஏன் கொன்றாய் என்ற கேள்வி இல்லை. உன் தம்பி எங்கே என்றுதான் கேட்டார். குற்றவாளியைத் தண்டிப்பதற்கு முன்னால் இறந்தவனைத் தேடுகிறார் கடவுள். சிந்திய இரத்தம் மண்ணிலிருந்து தம்மை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறார். மண் மூடிவிட்டால் முடிந்தது என்று காயின் நினைத்தான். மண்ணுக்குள்ளிருந்து வரும் குரலும் கடவுளுக்குக் கேட்கும்.

அதே நூலில், 37-ஆம் அதிகாரத்தில், இன்னொரு காட்சி வருகிறது. யோசேப்பை விற்றுவிட்ட அண்ணன்மார், அவனுடைய அழகான அங்கியை வெள்ளாட்டுக் கிடாயின் இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் அனுப்புகிறார்கள். இது உம் மகனுடையதா, பார்த்துச் சொல்லும் என்கிறார்கள். யாக்கோபு பார்த்தார். அங்கி மகனுடையதுதான். ஆகவே இரத்தமும் மகனுடையதுதான் என்று முடிவு செய்தார். கொடிய விலங்கு தின்றுவிட்டது என்று உடையைக் கிழித்துக்கொண்டு அழுதார். பல ஆண்டுகள் அந்தப் பொய்யோடு வாழ்ந்தார். துணியை மட்டும் வைத்து ஒருவரை அடையாளம் கண்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

யாக்கோபின் காலத்தில் அந்த இரத்தம் ஆட்டினுடையதா, மனிதனுடையதா என்று சொல்ல யாராலும் முடியாது. 1901-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் ஊலன்ஹூத் என்பவர் அதற்கு ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். காய்ந்துபோன இரத்தக் கறையிலிருந்தே அது மனிதருடையதா, விலங்கினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. இன்று நாம் தடய அறிவியல் என்று அழைக்கும் துறை இப்படிப்பட்ட சோதனைகளால் வளர்ந்ததுதான். இந்தத் துறையைத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் துப்பறியும் வேலையாக மட்டும் பார்க்காதீர்கள். அழுகிற ஒரு தகப்பனிடம் உண்மையைச் சொல்லும் வேலை அது. அந்த வகையில் அது ஓர் இரக்கப் பணி என்பது என் நம்பிக்கை.

நம் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். நேயர்களில் முதியவர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். 1952-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி செல்லும் போட் மெயில், வழக்கம்போல நம் விழுப்புரம் சந்திப்பைக் கடந்து தெற்கே போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் இருக்கைக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. ரயில் மானாமதுரையை நெருங்கும்போது, நாற்றம் தாங்கவில்லை என்று பயணிகள் முறையிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஓர் ஆணின் உடல். தலை இல்லை. எவ்வளவோ பேர் ஏறி இறங்கிய அந்தப் பெட்டியில், இறந்தவர் யார், எந்த ஊர், எங்கே ஏற்றப்பட்டார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

தலையை ஏன் வெட்டினார்கள்? உடலை எளிதாக மறைப்பதற்கு மட்டும் அல்ல. பெயரைப் பறிப்பதற்காக. இறந்தவர் யாரென்று தெரியாவிட்டால் கொன்றவர் யாரென்றும் தெரியாது என்பது கொலைகாரர்களின் கணக்கு. உயிரைப் பறித்த பிறகு அடுத்த கொள்ளை, பெயரைப் பறிப்பது. காயின் தொடங்கி இன்றுவரை இந்தக் கணக்கு மாறவில்லை.

அந்தக் கணக்கைத் தவறாக்கியது எது? இரண்டு காரியங்கள். முதலாவது, சென்னையில் ஒரு வீட்டில் கணவர் திரும்பி வரவில்லை என்று ஒரு மனைவி தேடத் தொடங்கியிருந்தார். சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார் என்பவரின் மனைவி. காணவில்லை என்ற புகார் காவல் நிலையத்துக்குப் போனது. இரண்டாவது, இராயபுரம் கடற்கரை மணலில் ஒரு தலை கிடைத்தது. மானாமதுரையில் கிடைத்த உடலும் இராயபுரத்தில் கிடைத்த தலையும் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. அங்கே சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன். இரண்டும் ஒரே மனிதருடையவைதாமா என்று அவர் ஆராய்ந்தார். காதில் குத்தியிருந்த துளைகளும் பல்வரிசையும் அந்த முகத்துக்குரியவரைச் சுட்டிக்காட்டின. ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். ஆகவே அவருடைய கைரேகை அரசுப் பதிவேட்டில் இருந்தது. பெட்டிக்குள் இருந்த உடலின் விரல்ரேகையோடு அது பொருந்தியது. பெயரற்ற உடலுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. அதன்பின் கொலை செய்தவர்கள் யாரென்பதும் தெரிந்தது. 1953-இல் நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் முன்னிலையில் வழக்கு நடந்து அவர்கள் தண்டனை பெற்றார்கள்.

இந்த வழக்கைப் பற்றி நம் மக்கள் கதையாகவும் படமாகவும் எவ்வளவோ பேசிவிட்டார்கள். இறந்தவரின் நடத்தை நல்லதாக இல்லை என்றும் நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. இருக்கட்டும். அவர் நீதிமானா, பாவியா என்று தீர்ப்பிடுவது நம் வேலை இல்லை; அது ஆண்டவருடைய வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பேராசிரியர், இவர் நல்லவர், ஆகவே இவருக்குப் பெயர் கொடுப்பேன் என்று பார்க்கவில்லை. மேசைமேல் இருந்தது ஒரு மனித உடல். அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் அதற்குரியது. அவ்வளவுதான். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதர் எவ்வளவு தவறு செய்திருந்தாலும் அந்தச் சாயல் அழிந்துபோவதில்லை என்று திருச்சபை கற்பிக்கிறது. அந்தப் போதனையைப் பிணவறை மேசையில் நடைமுறைப்படுத்தியவர்கள் அந்த மருத்துவர்கள்.

இன்றைக்கு அறிவியல் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிறார்கள். எலும்பின் முனைகள் ஒட்டியிருக்கும் விதத்தைப் பார்த்து இளம் வயதினரின் வயதைக் கணிக்கிறார்கள். தொடை எலும்பை அளந்து உயரத்தைச் சொல்கிறார்கள். காணாமல்போனவரின் புகைப்படத்தின்மேல் மண்டையோட்டின் படத்தைப் பொருத்தி, நெற்றியும் கண்குழியும் தாடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. நம் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறை இந்த முறையில் பெயர் பெற்றது. அதன் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன், 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது சிதறிக்கிடந்தவற்றை ஒன்றுசேர்த்து, நடந்தது என்ன என்பதை எடுத்துக்காட்டியவர்.

கைரேகைக்கு வந்தால், உலகத்திலேயே முதல் கைரேகைப் பதிவகம் 1897-இல் நம் இந்தியாவில், கல்கத்தாவில்தான் தொடங்கப்பட்டது. அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. பிறகு 1984-இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற அறிவியலாளர், டி.என்.ஏ. மூலம் ஒருவரை அடையாளம் காணும் வழியைக் கண்டார். பல வருடம் மண்ணுக்குள் கிடந்த ஒரு பல்லிலிருந்தோ தொடை எலும்பிலிருந்தோ டி.என்.ஏ.வை எடுத்து, தாயின் அல்லது தகப்பனின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, இது இவர்கள் பிள்ளைதான் என்று சொல்ல முடிகிறது. எசேக்கியேல் இறைவாக்கினர் பள்ளத்தாக்கில் கண்ட உலர்ந்த எலும்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எலும்புகளுக்கு உயிர் கொடுப்பது கடவுளின் வேலை. பெயர் கொடுப்பதை மனிதரும் செய்யலாம் என்று அவர் நம்மிடம் விட்டிருக்கிறார்.

அன்பானவர்களே, இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். இவ்வளவு முறைகளைச் சொன்னேன். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒப்பிடுவது. விரல்ரேகை இருந்தால் மட்டும் போதாது. ஒப்பிட இன்னொரு ரேகை வேண்டும். மண்டையோடு இருந்தால் மட்டும் போதாது; ஒரு புகைப்படம் வேண்டும். எலும்பில் டி.என்.ஏ. கிடைத்தால் மட்டும் போதாது. இரத்தம் கொடுக்க ஒரு தாய் வேண்டும். ஆய்வகம் ஒரு பாதியைத்தான் தர முடியும். மறுபாதி, தேடுகிற மனிதரிடம் இருக்கிறது. யாரும் தேடாத மனிதரை உலகத்திலேயே சிறந்த ஆய்வகத்தாலும் அடையாளம் காண முடியாது. எலும்பு பேசும் என்று சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் யாராவது கேட்டால்தான் அது பேசும். சென்னையில் அந்த மனைவி தேடாமல் இருந்திருந்தால், மானாமதுரைப் பெட்டிக்குள் இருந்தவர் இன்றுவரை அடையாளம் தெரியாத ஆண் சடலமாகவே இருந்திருக்கலாம்.

இதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது. அர்ஜென்டினா நாட்டில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானவர்களை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பிடித்துக்கொண்டு போய் மறைத்துவிட்டார்கள். பிள்ளைகளைத் தேடிய தாய்மார்கள் தலைநகரின் சதுக்கத்தில் கூடினார்கள். அவர்களில் ஒருவர் எஸ்தர் பாயெஸ்திரினோ. கருவுற்றிருந்த அவருடைய மகளையும் பிடித்துப் போயிருந்தார்கள். சில மாதங்களில் மகள் விடுதலையாகி வந்துவிட்டாள். இனி உனக்கென்ன, வீட்டிலேயே இரு என்று மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாருடைய பிள்ளைகளும் திரும்பி வரும்வரை ஓயமாட்டேன் என்று அந்த அம்மா மறுபடியும் தேடப் போனார்.

1977 டிசம்பரில், புவனோஸ் அயர்ஸ் நகரத்தில் திருச்சிலுவை ஆலயத்தில் கூடியிருந்தபோது அவரையும் வேறு பலரையும் பிடித்தார்கள். அடுத்த இரண்டொரு நாளில் இன்னும் சிலரைப் பிடித்தார்கள். அவர்களுக்குத் துணையாக நின்ற பிரெஞ்சு நாட்டு அருள்சகோதரிகள் இருவரும் அதில் அடக்கம். விமானத்தில் ஏற்றி, உயிரோடு கடலில் தள்ளினார்கள். கடல் சில உடல்களைக் கரையில் கொண்டுவந்து போட்டது. அவற்றை ஒரு சிற்றூர்க் கல்லறையில் பெயர் தெரியாதவர்கள் என்று எழுதிப் புதைத்துவிட்டார்கள். காயினின் கணக்கு அங்கேயும் அதுதான்.

ஆனால் தாய்மார்கள் தேடுவதை நிறுத்தவில்லை. 1984-இல் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்க எலும்பியல் அறிஞர் அங்கே போய், மாணவர்கள் சிலரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். அந்த மாணவர்களே பிறகு ஒரு குழுவாக நின்று, புதைகுழி புதைகுழியாகத் தோண்டி, எலும்பு எலும்பாகத் துடைத்து, குடும்பங்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். 28 ஆண்டுகள் கழித்து, 2005-இல், அந்தச் சிற்றூர்க் கல்லறையிலிருந்து எடுத்த எலும்புகளில் எஸ்தரும், அருள்சகோதரி லியோனி டியூகேயும் இருப்பது தெரியவந்தது. எலும்புகளில் இருந்த முறிவுகள், உயரத்திலிருந்து விழுந்தவை என்று சாட்சி சொல்லின. எஸ்தரை அவர் பிடிபட்ட அதே திருச்சிலுவை ஆலயத்தின் தோட்டத்தில் அடக்கம் செய்ய விரும்பினார்கள். அனுமதி கொடுத்தவர் அந்த நகரத்தின் பேராயர் கர்தினால் பெர்கோலியோ. இளம் வயதில் ஓர் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தபோது அவருக்கு மேலாளராக இருந்தவரே இந்த எஸ்தர்தான். அந்தப் பேராயரைத்தான் பிறகு திருத்தந்தை பிரான்சிஸ் என்று நாம் அறிந்தோம். அருள்சகோதரி லியோனியும் அதே தோட்டத்தில் இளைப்பாறுகிறார். அதே நாட்களில் பிடிக்கப்பட்ட இன்னொரு சகோதரி அலிஸ் தோமோன் அவர்களின் உடல் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் பெயரையும் சேர்த்தே நாம் செபிக்கிறோம்.

தூரத்து நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், நம் மொழி பேசும் தாய்மார்கள் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். 1996-இல் பள்ளிக்கூடத்தில் தேர்வெழுதிவிட்டு வந்த மாணவி கிருசாந்தி செம்மணியில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற ராணுவ வீரர் ஒருவரே 1998-இல் நீதிமன்றத்தில் எழுந்து, அந்த இடத்தில் இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். 1999-இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பிறகு நீண்ட அமைதி. 2025-இல் செம்மணிச் சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது மறுபடியும் எலும்புகள் தெரிந்தன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் தோண்டத் தோண்ட, 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு பள்ளிப் பையும் விளையாட்டுப் பொருளும் அந்தக் குழிகளில் இருந்தன.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், குழிகளில் கிடைத்த துணிகளையும் பொருட்களையும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். உங்கள் பிள்ளையுடையது ஏதாவது இருக்கிறதா, பாருங்கள் என்பதற்காக. நேயர்களே, யாக்கோபிடம் அந்த அங்கியைக் காட்டியபோது கேட்ட அதே கேள்வி! இத்தனை வருடம் நம்பிக்கையோடு காத்திருந்த ஒரு தாய், அந்த மேசைகளுக்கு முன்னால் நடந்து போவதை நினைத்துப் பாருங்கள். அதில் தன் பிள்ளையின் சட்டை இருக்கக் கூடாது என்றும் வேண்டுவாள். இருந்துவிட்டால் தேடல் முடிந்துவிடுமே என்றும் ஏங்குவாள். அவளுக்குத் துணியை மட்டும் காட்டினால் போதாது. யாக்கோபை ஏமாற்றிய துணி அது. எலும்பையும் இரத்தத்தையும் ஒப்பிட்டு, உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த உண்மை எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும் அதை அறியும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு.

கொலையுண்டவரின் பெயரைத் தேடுவது பழிவாங்குவதற்கா என்று சிலர் கேட்கலாம். நீதி வேண்டும், நிச்சயமாக வேண்டும். அறிவியல் உண்மையைச் சொல்லும்போது தவறாகக் குற்றம் சாட்டப்பட்டவரும் விடுபடுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் நீதிக்கும் முன்னால் ஒரு கடமை இருக்கிறது. இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களில் ஒன்றாக மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். தோபித்து என்ன செய்தார்? நினிவே நகரில் தம் இனத்தார் கொல்லப்பட்டு மதிலுக்கு வெளியே எறியப்பட்டபோது, அரசனுக்கு அஞ்சாமல் அந்த உடல்களை எடுத்து அடக்கம் செய்தார். ஒருநாள் விருந்துக்கு உட்காரும் நேரத்தில், தெருவில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான் என்று மகன் வந்து சொன்னான். தோபித்து உணவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். செஞ்சியில் வாழும் நமக்குக் கோட்டை என்றால் பெருமை. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு இன்னும் பெருமை. 1714-இல் போரில் விழுந்த ராஜா தேசிங்கின் பெயர் கதைப்பாடலாக இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த ராஜகிரி அடிவாரத்தில், 1690-இல் தொடங்கி எட்டு வருடம் நீடித்த முற்றுகையில் விழுந்த படைவீரர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? ராஜாவின் பெயரை உலகம் காப்பாற்றும். ஏழையின் பெயரைக் காப்பாற்ற யாராவது ஒருவர் முன்வர வேண்டும்.

நம் பகுதியிலிருந்து எத்தனை பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள்! செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் எத்தனை பேர்! வடமாநிலங்களிலிருந்து நம் ஊருக்கு வந்து, மொழி தெரியாமல் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் காணாமல்போனால் யார் தேடுவது? மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று புகார் கொடுக்காமல் இருக்கும் வீடுகளும் உண்டு. குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பான், வருவான் என்று விட்டுவிடுகிற குடும்பங்களும் உண்டு. அந்த மௌனம் யாருக்குச் சாதகம் என்று யோசித்துப் பாருங்கள். நாம் மானத்துக்காக மூடிவைக்கும் பெயரைத்தான் கொலைகாரன் அழிக்க விரும்புகிறான்.

ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன். வீட்டில் ஒருவரைக் காணவில்லை என்றால் ஒருநாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உடனே புகார் கொடுங்கள். குற்றம் நடந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், அது எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று இப்போதைய சட்டமே சொல்கிறது. காணாமல்போனது குழந்தையென்றால் உடனே வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். வெளியூர் போகிறவரின் அண்மைக்காலப் புகைப்படம் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். பல் தெரியச் சிரிக்கும் படமாக இருந்தால் இன்னும் நல்லது; மண்டையோட்டோடு ஒப்பிட அது உதவும். அங்க அடையாளம், பழைய எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சைத் தழும்பு, பல் மருத்துவரிடம் போன சீட்டு, இவற்றைக் குறித்து வையுங்கள். அப்படி ஒருநாள் டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் கேட்டால் பயப்படாமல் கொடுங்கள். அவர்கள் உங்களிடம் கேட்பது அந்த மறுபாதியைத்தான்.

அன்பியக் கூட்டங்களில் இன்னொன்றும் செய்யலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிப் பிணவறையிலோ வேறெங்கோ உரிமை கோரப்படாத உடல் இருப்பதாகச் செய்தி வந்தால், அந்த நான்கு வரியைப் படித்துவிட்டுப் புரட்டாதீர்கள். கூட்டத்தில் வாசியுங்கள். நமக்குத் தெரிந்த யாராவது இருக்குமா என்று கேளுங்கள். அந்த அறியாத மனிதருக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லுங்கள். பக்கத்துச் சூளையில் வேலை செய்கிறவரின் பெயரையும் ஊரையும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி அழைக்கப்படுகிறவர் அவ்வளவு எளிதில் காணாமல்போக மாட்டார்.

ஆண்டவர் இயேசுவும் கொலை செய்யப்பட்டவர்தான். சிலுவையில் அறையப்பட்டவர்களைப் பெரும்பாலும் பெயரில்லாமலேயே போகவிட்டார்கள். 1968-இல் எருசலேம் அருகே ஒரு பழைய எலும்புப் பேழை கிடைத்தது. உள்ளே ஒரு குதிங்கால் எலும்பில் ஆணி அடித்தபடியே இருந்தது. பேழையின்மேல் யோகனான் என்ற பெயர் செதுக்கியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அறையப்பட்ட அந்தக் காலத்தில், இந்த ஒருவரின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவருடைய வீட்டார் அந்த எலும்புகளைத் தேடி எடுத்துப் பெயர் எழுதி வைத்ததுதான். அதேபோல அரிமத்தியா யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டார். வாரத்தின் முதல் நாள் விடியுமுன் மகதலா மரியா கல்லறைக்குப் போனார். அவர் தேடியது ஓர் உடலைத்தான். எங்கே வைத்தீர் என்று தோட்டக்காரரிடம் கேட்பதாக நினைத்துக் கேட்டார். தேடியவரின் பெயரை ஆண்டவர் சொன்னார். மரியா என்ற அந்த ஒரு சொல்லில் அவர் ஆண்டவரைக் கண்டுகொண்டார். தோமா கேட்டபோது, உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களையே அடையாளமாகக் காட்டினார்.

நாம் தேடும் எவரையும் கடவுள் தொலைத்ததில்லை. தலைமுடியையும் எண்ணி வைத்திருக்கும் அவருக்கு, ஏரிக்கரையில் கிடந்தவரின் பெயரும் தெரியும். செம்மணியில் புதைந்த குழந்தையின் பெயரும் தெரியும். நம்மிடம் அவர் கேட்பது, நம் சகோதரர் எங்கே என்ற பழைய கேள்வியைத்தான். எனக்கென்ன தெரியும் என்று காயின் சொன்ன பதிலை நாம் சொல்லாதிருப்போம்.

செபிப்போம். இரக்கமுள்ள இறைவா, கொலையுண்டு பெயர் தெரியாமல் புதைக்கப்பட்ட எல்லாரையும் உம் திருமுன் பெயர் சொல்லி அழைத்தருளும். தேடும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் உண்மையைத் தாரும். அந்த உண்மையைத் தாங்கும் வலிமையையும் தாரும். எலும்புகளின் நடுவே உழைக்கும் மருத்துவர்கள், ஆய்வாளர்கள், காவலர்கள், பிணவறைப் பணியாளர்கள் அனைவரின் கைகளையும் ஆசீர்வதியும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.